பாரிஸ் சமையலறைகளும் ஒரு போசி தேங்காய்ப்பாலும்

கண்ணு,

நீ போனில் பேசியதை அப்பா எனக்குச் சொன்னார். சொன்னார் என்று பெயர்தான். நீ வெகுநேரம் பேசினாய், அவர் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தபடி "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு என் முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, "கல்யாணத்த யோசிக்கோணுமாமா உம்பட பையன்" என்றார். இத்தனை நேரப் பேச்சுக்கு இந்த ஒரு வரிதானா என்று கேட்டேன். "அந்தப் புள்ள சிரிச்சுப்போட்டாளாமா" என்று இன்னொரு வரி வந்தது. அதற்கு மேல் அவரிடம் கறக்க முடியாது என்று உனக்கும் தெரியும். எனக்கோ காது போய்க்கொண்டிருக்கிறது. நீ வாங்கிக்கொடுத்த மெஷினைக் காதில் வைத்தால் மிக்ஸி சத்தம்தான் பெரிதாகிறது, மனுஷர் பேச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. போனில் உன்னோடு சண்டை போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ நிச்சயம் பண்ணிய தாரணியிடம் காட்டினாலும் சரி, உன் ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் சரி, எனக்கு வெட்கமில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டிய நேரம் இது. அச்சகத்துக்காரர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்க" என்று அப்பா சொல்லி அனுப்பினார். கோயமுத்தூரில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை, சத்தியமங்கலத்தில் தாரணி வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் உன்னை இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள் என்று கெஞ்சப்போவதில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவன் நீ. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் பிரெஞ்சுப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி.

நீ போன தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்த டேப்லெட்டில் நான் என்ன பார்க்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. கோலம், கோயில் அபிஷேகம், கத்தரிக்காய் வறுவல் என்று நினைத்திருப்பாய். டிவி எனக்கு இப்போது ஒத்துவருவதில்லை. சீரியலில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள், நான் யாருடைய வாயைப் பார்ப்பது? அப்படி ஒரு மத்தியானம் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கருப்பு வெள்ளைப் படம் வந்து நின்றது. மீசை வைத்த ஒரு மனிதர், வீட்டுச் சுவரில் படம் மாட்ட ஆணி அடிக்கிறார். ஆணி போகிறது, பின்னாலேயே சுத்தியலும் போகிறது, அதன் பின்னால் சுவரும் போகிறது. பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் சூப் தட்டில் செங்கல் விழுகிறது. அவர்கள் ஓட்டை வழியாகக் கரண்டியை நீட்டி இவரை அடிக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் உன் அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். நூறு வருஷத்துக்கும் முந்தைய ஊமைப் படம், பிரான்சில் எடுத்தது, பத்து நிமிஷம்கூட வராது. ஒன்றைப் பார்த்தால் அந்தப் பெட்டி அதேபோலப் பத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாடு ஆனதும் நான் பாரிஸுக்குப் போய்விடுகிறேன்.

அந்தப் படங்களில் பேச்சே கிடையாது. ஊரில் யாருக்குமே கேட்காததுதான் எனக்கும் கேட்கவில்லை. அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒரு குறை இருப்பதே மறந்துபோகிறது, கண்ணு. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நடுநடுவே எழுத்து வரும், பிரெஞ்சு, அது புரிந்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்ற இத்தனை வருஷமும் மெஷின் சத்தத்துக்குள் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் உதட்டாலும் கையாலும்தான். யாருக்குத் தலைவலி, யார் வீட்டுக்கு விருந்தாளி, எந்த சூப்பர்வைசர் வருகிறார் என்று எல்லாமே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வாயசைவில் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சு உதடுகளையும் படிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை. திட்டுவது மட்டும் புரிகிறது, அதற்கு எந்த ஊரிலும் ஒரே வாய்தான்.

எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற கூத்து. வேலைக்காரப் பெண் ஒருத்தி தட்டுகளைத் தாடை உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வருவாள், வழியில் ஒரு நாய் படுத்திருக்கும். இன்னொரு படத்தில் ஒருவர் குளிக்கத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் தரையை ஊறி இறங்கும், கீழ்வீட்டுக்காரர்கள் குடையை விரித்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்வார்கள். எனக்கு இவற்றைப் பார்த்துச் சிரிப்பு எவ்வளவோ அவ்வளவு கேள்வியும் வருகிறது. அந்தத் தட்டெல்லாம் நிஜமாகவே உடைத்தார்களா? உடைத்தால் யார் கூட்டினார்கள்? முதல் தடவை சரியாக விழவில்லையென்றால் இன்னொரு அடுக்குத் தட்டு வைத்திருந்தார்களா? அந்தக் குளிரில் தண்ணீரை வெதுவெதுப்பாகவாவது ஊற்றினார்களா? சுவரெல்லாம் துணியில் வரைந்தது, கதவைச் சாத்தினால் சுவர் நடுங்குகிறது. கடிகாரமும் வரைந்ததுதான், வீடு இடிந்தாலும் அதே மணியைக் காட்டுகிறது. வேலைப்பாடு செய்த ஒரு மர அலமாரி இருக்கிறது. ஒரு படத்தில் அது சுக்குநூறாகிறது, வேறொரு படத்தில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் முழுசாக நிற்கிறது. எது முதலில் எடுத்த படம், அதே அலமாரியை ஒட்டவைத்தார்களா, ஒரே மாதிரி இரண்டு செய்துவைத்தார்களா என்று நான் கேட்க, உன் அப்பா, "பேசாம அந்த அலமாரிய வெல பேசீரலாமா?" என்றார். அவருக்கு எல்லாம் கேலி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படங்களில் கேமரா ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். முகத்துக்கு அருகில் வராது, யாரைப் பார்க்க வேண்டும் என்று நமக்குக் காட்டிக்கொடுக்காது. அறை முழுவதும் தெரியும், எல்லோரும் தலையிலிருந்து பாதம் வரை தெரிவார்கள். எங்கே பார்ப்பது என்பது நம் பாடு. முதல் தடவை எல்லோரும் விழுகிறவனைத்தான் பார்ப்போம். நான் இரண்டாம் தடவை அவனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய சிரிப்புப் படத்தில், படத்துக்குள் இருக்கிற ஒருத்தர்கூடச் சிரிப்பதில்லை. பெண்டாட்டி சிரிப்பதில்லை, மாமியார் சிரிப்பதில்லை, கீழ்வீட்டுக்காரர் சிரிப்பதில்லை, போலீஸ்காரர் சிரிப்பதில்லை. எல்லோருக்கும் கோபம், எல்லோரும் குடையையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு துரத்துகிறார்கள். சிரிப்பதெல்லாம் வெளியே உட்கார்ந்திருக்கிற நாம்தான். ஏன் இப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ளார இருக்கறவனும் சிரிச்சா அப்புறம் நாம எதுக்கு?" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் போதவில்லை.

உன் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. கல்யாணமான புதிதில் சிங்காநல்லூரில் ஓட்டு வீட்டில் இருந்தோம். மழை ஒழுகுகிறது என்று ஒரு காலை அவர் ஓடு மாற்ற மேலே ஏறினார். நான் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தார். மடமடவென்று தூசி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அடுப்புக்கு நேர் மேலே ஒரு கால், முட்டி வரைக்கும், தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. மாமியார் முன்னால் புருஷனைப் பார்த்துச் சிரிப்பதா? முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து அந்தக் காலைப் பார்த்து, "ஏனுங்க, தோசை ஆறுதுங்க" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்: "ஊடே இடிஞ்சாலும் இவ கொரல் மாறாது போலிருக்குன்னு பயந்துபோட்டேன். நீ சிரிச்சிருந்தீன்னா நானும் சிரிச்சிருப்பேன்." அன்றைக்கு நான் மரியாதை என்று நினைத்து அடக்கிவைத்தது அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நிச்சயம் முடிந்து முதல் விருந்து. புது மாப்பிள்ளை வந்தால் இடியாப்பம்போலச் சந்தகை பிழிகிற அச்சை ஒரு சுற்றாவது திருக வேண்டும் என்பது தாரணி வீட்டு வழக்கம், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லோரும் திருகியிருக்கிறார்கள். அந்த மூன்று கால் இரும்பு ஸ்டாண்டைப் பார்த்ததும் நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனாய். அச்சுக்குள் போடுகிற மாவு உருண்டை சூடாக இருக்கும்போதே பிழிந்துவிட வேண்டும், ஆறினால் கல். "நீங்க உக்காருங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல", "பரவால்லீங்க, மாப்பிள்ளைக்கு மொதல்ல காப்பியக் குடுங்க" என்று இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருந்ததில் உருண்டை ஆறியே போய்விட்டது. போதாததற்கு, அச்சைத் திருகும்போது யாராவது ஒருவர் ஸ்டாண்டின் காலை மிதித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது சாயும். அங்கே ஆண்கள் இத்தனை பேர் நின்றார்கள். புது மாப்பிள்ளை முன்னால் காலைத் தூக்கி வைக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நீ பலம் கொடுக்கக் கொடுக்க ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் "நிறுத்துங்க" என்று எப்படிச் சொல்வது என்று அவர்கள் நின்றார்கள், சம்பந்தி வீட்டில் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நான் நின்றேன்.

அப்புறம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அச்சு சாய்ந்து, அதன் நீளப் பிடி போய்ப் பெஞ்சின் மேலிருந்த தேங்காய்ப்பால் போசியைத் தட்டியது. வெல்லமும் ஏலக்காயும் போட்ட பால், போசி நிறைய, வழவழத் தரையில் பரவியது. நீ வழுக்கினாய். பிடிமானத்துக்கு அவளுடைய பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்தாய். அவர் வேட்டியைக் காப்பாற்ற இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு உருண்டைத் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நீ முகம் குப்புறப் பாலில் கிடந்தாய். அந்த நேரத்தில் உனக்கு ஒரு சிரிப்பு கேட்டது, அது தாரணியுடையது, இல்லையா? எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கவே இல்லை, கண்ணு. நீ குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, இலையில் உட்காராமல், வேலை இருக்கிறது என்று சொல்லித் திம்பம் மலைப்பாதை வழியாகப் பெங்களூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உனக்கு என்ன கோபம் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவளுடைய சித்தப்பா எடுத்த வீடியோ இரண்டு குடும்பத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நீ ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்க மாட்டாய், உன்னை மட்டும்தான் பார்த்திருப்பாய். நல்லவேளை, அந்த மனிதர் அசையாமல் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறார், ஹால் முழுவதும் தெரிகிறது. நான் என் பிரெஞ்சுப் படங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதல் தடவை உன்னை, பிறகு ஓரத்தில் நிற்கிறவர்களை. ஜன்னலோரம் தாரணியும் அவளுடைய அத்தையும் நிற்கிறார்கள். ஸ்டாண்டின் கால் எழும்பியதுமே அவள் வாய் அசைகிறது. "யாராச்சும் மிதிங்க" என்கிறாள். அத்தை அவள் கையைக் கிள்ளிப் பின்னால் இழுக்கிறார், "சும்மா இரு அம்மணி." அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பால் கொட்டிவிட்டது. அத்தனை பேர் இருந்த அறையில் உன்னை விழாமல் தடுக்கப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

சிரித்தாள். அதை நான் மறைக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய பாதங்களைப் பார். பால் பரவப் பரவ ஒவ்வொருவரும் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன், வீடியோவில் தெரிகிறது, எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிரித்தவள்தான் முன்னால் வருகிறாள். புதுப்பட்டு, கரை முழுவதும் பாலில் நனைகிறது, அவளுக்கே வழுக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், அப்படியும் வருகிறாள். உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாரிஸில் எத்தனையோ பேர் விழுவதைப் பார்த்துவிட்டேன், படத்துக்குள்ளேயிருந்து ஒருத்தி சிரித்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா ஒரு பக்கம் கத்துகிறார், அத்தை ஒரு பக்கம். அப்போது அவள் உன்னிடம் ஏதோ சொல்கிறாள். என்ன என்று தெரிய அப்பாவைக் கூப்பிட்டு சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுங் கேக்கல புள்ள, ஒரே கூப்பாடு" என்றார். அப்போது உனக்கும் கேட்டிருக்காது. எனக்குக் காது வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஓட்டி அவள் வாயைப் பார்த்தேன். முதலில் சிரிப்போடுதான் கேட்கிறாள். நீ திரும்பவில்லை. மறுபடி கேட்கிறாள், இப்போது சிரிப்பு பாதிதான் இருக்கிறது. கடைசியாகக் கேட்கும்போது முகத்தில் சிரிப்பே இல்லை, பயம்தான் இருக்கிறது. மூன்று தடவையும் ஒரே கேள்வி: "அடி பட்டுச்சுங்களா?" நீ எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாய்.

இந்த வாரம் முழுவதும் அந்தப் பிரெஞ்சுப் படங்களைத் திரும்பத் தேடித் தேடிப் பார்த்தேன். ஏணியிலிருந்து விழுகிறார்கள், மாடியிலிருந்து விழுகிறார்கள், அலமாரி மேலே விழுகிறது. ஓடிவருகிறவர்கள் எல்லோரும் உடைந்த தட்டைத்தான் பார்க்கிறார்கள். விழுந்தவனுக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்கூட இல்லை.

கண்ணு, அவர்கள் வீட்டுப் படி இறங்கும்போது நீ இடது காலை மடக்காமல் இறங்கினாய். முட்டியில் நல்ல அடி. என்ன என்று நான் கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்றாய், அந்தக் காலோடு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாய். பத்திரிகை அச்சுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒருத்தி உன்னிடம் ஒன்று கேட்டுவிட்டு ஒரு வாரமாகப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் போன் பண்ணு. வேறொன்றும் பேச வேண்டாம். வலிக்கிறது என்று மட்டும் சொல்லு.

அம்மா